ஏழாம் பாட்டிலில் பூத்தது

அந்த வீட்டில் துணி ஊறவைக்க இரண்டு வாளிகள் இருந்தன. நீல வாளி அவளுடையது, சாம்பல் நிற வாளி அவருடையது. ஒன்றின் தண்ணீர் மற்றதில் தெறிக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் வந்த நாத்தனார் இதைப் பார்த்துவிட்டு, புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று முடிவு கட்டி, அண்ணனைத் தனியாக அழைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. அவர் இரும்புப் பட்டறை வைத்திருந்தார். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அறுத்து, பற்றவைத்து, தேய்த்துக் கொடுக்கிற தொழில். மாலையில் அவர் வீட்டுக்கு வரும்போது சட்டையிலும் புருவத்திலும் காது மடலிலும் இரும்புப் பொடி மினுங்கும். அவள் வேலை பார்த்த கடல் ஆய்வு நிலையத்திலோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு இரும்பு உள்ளே போய்விட்டால் மூன்று வார வேலை குப்பைக்குத்தான். உலகத்தில் இத்தனை தொழில் இருக்க இப்படி இரண்டு பேருக்கு எப்படி முடிச்சு விழுந்தது என்று நிலையத்தில் எல்லோருமே ஒரு தடவையாவது கேட்டிருந்தார்கள். அவள் பதில் சொன்னதில்லை. காலையில் குளித்து, நீல வாளித் துணியை உடுத்திக்கொண்ட பிறகு அவர் பக்கத்தில் போகமாட்டாள். அவரும் வாசல்படிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி, “போய்ட்டு வாம்மா” என்பார். பதினேழு வருஷமாக இதுதான் அவர்களுடைய காலை.

நிலையத்தில் அவளுக்குச் ‘சுத்தக்காரி’ என்று பெயர். கிண்டலாக வைத்தது, நாளாக ஆக மரியாதையாக மாறிவிட்டது.

ஊருக்குப் பின்னால் இரண்டு நாள் பயணத் தொலைவில் பாலைவனம். முன்னால் கடல். வருஷத்தில் சில நாட்கள் பாலைவனம் எழுந்து ஊரின் மேலாக நடந்து கடலுக்குப் போகும். அந்த நாட்களில் வானம் பழைய காகிதத்தின் நிறத்துக்கு வந்துவிடும். சூரியனை வெறும் கண்ணால் பார்க்கலாம், ஒரு வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கும். தெருவில் சத்தமெல்லாம் பஞ்சுக்குள் போனது போல ஒடுங்கிவிடும். ஊர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூசியைத் திட்டுவார்கள். நிலையத்துக்காரர்கள் மட்டும் மொட்டை மாடிக்கு ஓடி, உயரமான கம்பத்தில் வடிதாளை மாட்டி, அந்தத் தூசியைச் சேர்த்து வைப்பார்கள்.

அது போய்ச் சேருகிற இடத்தில் அதற்காகக் காத்திருக்கிற உயிர்கள் உண்டு. கடற்கரையிலிருந்து வெகுதூரத்தில், நீலத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத நடுக்கடலில், மரத்தூள் போல மிதக்கிற ஒருவகை பாக்டீரியா. உயிர் வளர நைட்ரஜன் வேண்டும். காற்றில் அது கொட்டிக் கிடக்கிறது, ஆனால் கிட்டத்தட்ட யாராலும் அதை அப்படியே எடுத்துச் சாப்பிட முடியாது. இந்த பாக்டீரியாவால் முடியும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து உணவாக்கித் தானும் தின்று, சுற்றியிருப்பவர்களுக்கும் விட்டுவைக்கும். அந்தச் சமையலுக்கு இரும்பு வேண்டும், கொஞ்சம் பாஸ்பரஸ் வேண்டும். நடுக்கடலில் இரும்புக்கு எங்கே போவது? வானத்திலிருந்து தூசி விழுந்தால்தான் உண்டு. ஒரு மணல் துகள் மேலே விழுந்தால் அந்த இழைகள் அதைப் பிடித்து, உருட்டி, தங்கள் கொத்தின் நடுவுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் அதை முதல்முறை பார்த்த அன்று அவள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள்.

ஆனால் பார்த்ததெல்லாம் கண்ணாடித் துண்டின் மேல்தான். கடலில் பார்த்ததில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வருஷத்தில் நடுக்கடலுக்கு நான்கு தடவை கப்பல் போயிருந்தது, நான்கிலும் வேறு யாரோ போனார்கள். ஐந்தாவது கப்பலில் நிலையத்துக்கு ஒரே ஓர் இடம். இருபத்தெட்டு நாள் பயணம். அந்தப் பருவம் முழுவதும் யாருடைய கைபட்ட பாட்டில்களில் கலப்படம் இல்லையோ அவர்தான் போகலாம் என்பது பேராசிரியை வைத்திருந்த விதி. பேராசிரியை நிலையத்தின் தலைவி, கண்டிப்பானவர், சிரிப்பதற்கும் குறிப்பு வைத்துக்கொள்பவர் என்று சொல்வார்கள். அந்த விதிப்படி பார்த்தால் போட்டிக்கே ஆள் இல்லை. சுத்தக்காரிதான். வீட்டில், தலைக்கு மேலே பலகையில் அவளுடைய பயணப் பை ஒரு மாதமாகத் தயாராக இருந்தது.

அந்தப் பருவத்தின் கடைசிச் சோதனை எட்டு பாட்டில்களில் நடந்தது. எட்டிலும் நடுக்கடலின் தண்ணீர், எட்டிலும் ஒரே அளவு பாக்டீரியா. முதல் நான்கில் சிட்டிகை தூசி போட்டார்கள். ஐந்து முதல் எட்டு வரை ஒன்றும் போடவில்லை. அவற்றைப் ‘பட்டினி பாட்டில்கள்’ என்றே எல்லோரும் சொன்னார்கள். விளக்கொளி நீலமாக விழுகிற அறையில், மெல்ல ஆடுகிற மேஜையின் மேல், எட்டும் தொட்டிலில் கிடப்பது போல அசைந்துகொண்டிருந்தன.

பாட்டிலைத் திறப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் ‘அழுக்குக் கை’. வெளிப்பையைப் பிரிப்பது, கதவைத் தொடுவது, கருவியை நகர்த்துவது எல்லாம் அவர். இன்னொருவர் ‘சுத்தக் கை’. அவர் உள்பையையும் அதற்குள் இருக்கிற பாட்டிலையும் தவிர உலகத்தில் எதையும் தொடக் கூடாது, தன் முகத்தைக்கூட. சுத்தக் கை எப்போதும் அவள்தான். அழுக்குக் கை, நுண்ணோக்கியில் எண்ணிக்கை எடுக்கிற ஆள். நாற்பது வயதுப் பிரம்மச்சாரி, எதையும் உற்றுப் பார்க்கிற பழக்கத்தால் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வாங்கியவன். அவளை அக்கா என்று கூப்பிடுவான்.

ஏழாம் பாட்டிலை முதலில் கவனித்தவனும் அவன்தான். ஆறாம் நாள் காலை, நீல அறையிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

“அக்கா, பட்டினி கிடக்கிறவங்கள்ல ஒருத்தர் மட்டும் கொழுத்துப்போய் உட்கார்ந்திருக்கார். வந்து பாருங்க.”

தூசி போட்ட நான்கிலும் எதிர்பார்த்தபடி பழுப்பு இழைகள் கொத்துக்கொத்தாக மிதந்தன. ஐந்தும் ஆறும் எட்டும் வெளிறிக் கிடந்தன. ஏழில், யாரோ பென்சிலைச் சீவிவிட்டது போல, மெல்லிய பழுப்புப் பூக்கள். பாட்டில் ஆட ஆட அவை ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக நிமிர்ந்தன. அழகாகத்தான் இருந்தது. அவள் பாட்டிலின் எண்ணை மறுபடி படித்தாள்.

பேராசிரியை வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். தண்ணீரிலேயே இரும்பு இருந்திருந்தால் பட்டினி பாட்டில்கள் நான்கிலும் முளைத்திருக்க வேண்டும், எனவே பாட்டிலில்தான் ஏதோ கோளாறு என்றார். பாட்டில் செய்த தொழிற்சாலையின் குறையாக இருக்கலாம், மூடியாக இருக்கலாம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ‘காரணம் தெரியவில்லை, கணக்கில் சேர்க்கவில்லை’ என்று எழுதி ஒதுக்கிவிடலாம் என்றார். கதவருகே போனவர் திரும்பி, கப்பலுக்கு உடல்தகுதிச் சான்றிதழைக் கொடுத்துவிட்டாயா என்று அவளிடம் கேட்டார். கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். பட்டறை வழியில்தான். உள்ளே அவர் ஒரு கதவுச் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொறிகள் மஞ்சளாகக் கிளம்பி, தரையைத் தொடுமுன் கறுத்து, மறைந்தன. எங்கே மறைகின்றன, ஒன்றும் மறைவதில்லை, பொடியாகி மேஜை மேல் உட்காருகின்றன என்று அவள் நினைத்தாள். மேஜையைப் பார்த்தாள். ஓரத்தில் இடுக்கி, அதன் பக்கத்தில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு சின்னத் திருப்புளி. அந்தத் திருப்புளியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

சோதனை தொடங்கிய அன்று அவளுடைய மூக்குக்கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கால் லொடலொடத்தது. அவர்தான், நீ முன்னால் போ, நான் திருகை இறுக்கிக் கொண்டுவந்து தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். நிலையத்தில் கண்ணாடி போட்டவர்கள் முதலில் அதைத் தூய நீரில் மூன்று தடவை அலச வேண்டும், பிறகுதான் அங்கி, தொப்பி, கையுறை. அன்று அவள் அங்கியெல்லாம் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் அவர் சைக்கிளில் வேர்த்து விறுவிறுக்க வந்து, கைக்குட்டையில் பொதிந்து வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டில்களைத் திறக்க வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் காகிதத் துணியால் ஒரு துடை துடைத்து மாட்டிக்கொண்டாள், கையுறையை மட்டும் மாற்றினாள்.

பிறகு ஏழாம் பாட்டில். பூதக்கண்ணாடி தன் கடல் பயணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை படகில் ஏறி, கரையிலிருந்து கயிறு அவிழ்க்கும் முன்பே வாந்தி எடுத்த கதை. அவள் சிரித்தாள். சிரித்ததில் கன்னம் மேலே ஏறியது. விரல் மூக்குத்தண்டுக்குப் போய்க் கண்ணாடியை மேலே தள்ளியது. அவர் இறுக்கிய திருகு நன்றாகப் பிடித்திருந்தது, கண்ணாடி நழுவவே இல்லை. விரல் வெறும் பழக்கத்தில் போய்வந்தது. வந்த விரல்தான் ஏழின் மூடியைத் திறந்தது. எட்டுக்கு வழக்கம்போலப் புதுக் கையுறை.

சனிக்கிழமை விடுமுறை. அவள் நிலையத்துக்குப் போய், கண்ணாடியைக் கழற்றி, ஒரு கரண்டி தூய நீரில் அலசி, அந்த நீரை அளவுக் கருவியில் வைத்தாள். கண்ணாடி இல்லாமல் எண்கள் தெரியவில்லை, கோடு தெரிந்தது. காகிதத்தின் அடியில் ஊர்ந்துகொண்டிருந்த கோடு செங்குத்தாக எழும்பிக் காகிதத்தைத் தாண்டிப் போய்விட்டது. அவள் காகிதத்தைக் கிழித்து நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வேறு யாரும் பார்க்கவில்லை. வேறு யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முருங்கைக்காய் நறுக்குகிற மாதிரி நிதானமாகத் தன் விரல் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் காகிதத்தை எடுத்து விரித்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர் கோட்டின் மேல் விரல் வைக்காமல், கொஞ்சம் தள்ளிக் காற்றில் வைத்து, அது ஏறிப்போன வழியைப் பார்த்தார்.

“அப்ப, உங்க பூச்சிங்க என் பட்டறைச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கு.”

“பூச்சி இல்லைங்க.”

“எதுவோ. பிடிச்சிருக்கு இல்ல?”

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நாளைக்குச் சொன்னால் கப்பல் இல்லை என்றாள். அவர் நகவெட்டியை மடித்தார். ஒரு நிமிஷம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் மேல போட்டுடு. புருஷன் அழுக்குக் கைக்குட்டையில சுத்திக் குடுத்துட்டான், அவனுக்கு அறிவு இல்லைன்னு சொல்லு. நான் என்ன உங்க ஆபீஸ்லயா வேலை பாக்கறேன், என்னை என்ன பண்ணிடுவாங்க.”

“கைக்குட்டை உங்களோடது. விரல் என்னோடதுதானே.”

“சொல்லாம விட்டா?”

“அஞ்சு வருஷம் கழிச்சு யாராவது அந்த பாட்டிலை நம்பிடுவாங்க. தூசி இல்லாமயும் முளைக்கும்னு சொல்லிடுவாங்க.”

அவர் எழுந்து போய், பலகையிலிருந்து அவளுடைய பயணப் பையை இறக்கினார். உள்ளே இருந்ததை வெளியே எடுக்கவில்லை. தூசி படாமல் ஒரு பழைய போர்வையைச் சுற்றி மறுபடி மேலேயே வைத்தார். முடிவு அப்படித்தான் ஆயிற்று.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் ஏழாம் பாட்டில் இன்னொரு காரியம் செய்திருந்தது. ஒன்பதாம் நாளில் அதன் பூக்கள் வெளிறி, ஒவ்வொன்றாகத் தலைகீழாய் இறங்கி, அடியில் படிந்துவிட்டன. தூசி போட்ட நான்கும் இன்னும் செழித்துக்கொண்டிருந்தன. அவள் காகிதத்தை மேஜை மேல் விரித்து, கண்ணாடி, கைக்குட்டை, விரல் மூன்றையும் வரிசையாகச் சொன்னபோது பேராசிரியை குறுக்கிடவில்லை. கேட்டு முடித்ததும் நாட்களை விரல்விட்டு எண்ணினார்.

“இரும்பு மட்டும் கிடைச்சா ஒன்பது நாள்” என்றார் கடைசியில், யாருக்கும் சொல்லாதது போல. “பாஸ்பரஸ் தீர்ந்ததும் முடிஞ்சுபோச்சு. தூசியில ரெண்டும் இருக்கு.” பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டார். “ஒரே ஒரு பாட்டிலை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அது வெறும் வதந்தி. அடுத்த வருஷம் ஒழுங்கா செஞ்சு பார்க்கணும்.”

குறிப்பேட்டில் ‘காரணம் தெரியவில்லை’ என்றிருந்ததை அடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியிலிருந்து இரும்பு என்று எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார். விதியைத் தான் மாற்ற முடியாது, மாற்றினால் அது விதியாக இருக்காது என்று சொன்னபோது அவர் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அவள் தலையாட்டினாள். அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள், இருந்தாலும் காதுகளில் கடல் இரைவது போல ஒரு சத்தம் கேட்டது.

வரிசையில் அவளுக்கு அடுத்தவன் பூதக்கண்ணாடி, கப்பலின் இடம் அவனுக்குப் போயிற்று. அவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

“மேடம், நான் வாளித் தண்ணி ஆடினாலே கண்ணை மூடிக்கிறவன். அக்கா ஒரு விரல்தான் வெச்சாங்க. நான் குடலையே வெளிய வெச்சுடுவேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள், அதன் பிறகு எல்லோரும். புறப்படும் நாளில் அவள் அவனுக்கு இஞ்சி மிட்டாய் ஒரு டப்பாவும், நீல வாளியில் அலசிக் காயவைத்த இரண்டு சட்டைகளும் கொடுத்தனுப்பினாள். சட்டைகள் அவள் பயணப் பைக்குள் அவளுக்காக மடித்து வைத்திருந்தவை. கொஞ்சம் தொளதொளப்பானவை, அவனுக்குச் சரியாகத்தான் இருந்தன.

கப்பல் போன பதினோராம் நாள் பாலைவனம் எழுந்தது. விடியும்போதே வானம் பழுத்திருந்தது. தெருவில் ஆள் இல்லை. மரங்கள் தங்கள் நிழலைத் தொலைத்துவிட்டு நின்றன. அன்று நிலையத்துக்கு விடுமுறை, பேராசிரியை வெளியூரில், மொட்டை மாடியில் வடிதாளை மாற்ற அழுக்குக் கைக்கு ஆள் கிடையாது. தூசி யாருக்காகவும் நிற்கப் போவதில்லை. அவர் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் நின்றார்.

“பை பிரிக்கிறதுக்கு நான் போதாதா?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் போய்க் குளித்தார். அவள் நீல வாளியில் அலசிக் காயவைத்த ஒரு பெரிய அங்கியை எடுத்துக் கொடுத்தாள். நிலையத்தில் தொப்பி, முகமூடி, இரண்டு ஜோடிக் கையுறை. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே நிறத்தில் நின்றார்கள்.

மாடியில் காற்று இளஞ்சூடாக, ஒரே சீராக, யாரோ உறங்கும்போது விடுகிற மூச்சு போல வீசியது. ஊர் கீழே மஞ்சள் பாலில் முங்கிக் கிடந்தது. அவர் வெளிப்பையின் வாயை இரண்டு விரலால் பிரித்து, விரித்து, தன் முகத்தைத் தூரத் திருப்பிக்கொண்டு நீட்டினார். கனமான இரும்புச் சட்டங்களைத் தூக்கிப் பழகிய கைகள் அந்தப் பையை ஒரு குருவிக்கூட்டைப் போலப் பிடித்திருந்தன. அவள் உள்பையை எடுத்தாள். பழைய வடிதாள் வெளியே வந்தது, செம்மண் பூசிய சுவர் நிறத்தில். புதியது உள்ளே போனது. ஒரு இடத்தில்கூட அவர் தப்பாகத் தொடவில்லை.

கீழே இறங்கியதும் அவள் கப்பலுக்குச் செய்தி அனுப்பினாள்: “கிளம்பிடுச்சு. நாலு நாள்ல உன் தலைக்கு மேல வரும்.”

நான்கு நாள் கழித்து, வந்துவிட்டது என்று ஒரு வரி பதில். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் மதியம், அவர் கைகழுவிக்கொண்டிருந்தபோது, தொலைபேசி அதிர்ந்தது. பூதக்கண்ணாடி பேசியே அனுப்பியிருந்தான். பின்னணியில் இயந்திர இரைச்சல், நடுவே அவனுடைய களைத்த குரல்.

“அக்கா, பன்னெண்டு நாள் வாந்தி. பதிமூணாம் நாள்லேர்ந்து ஒண்ணுமில்ல, வயித்துல மிச்சம் ஏதும் இல்லாததால இருக்கும். அதை விடுங்க. காலையில மேல்தளத்துக்கு வந்தேன். கடல் மேல யாரோ மரம் அறுத்துப் போட்ட மாதிரி இருக்கு. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் பழுப்பா, பட்டை பட்டையா. கப்பல் போனா ரெண்டா பிரிஞ்சு, பின்னாடி மறுபடி சேர்ந்துக்குது. உங்க சட்டையைப் போட்டுட்டுதான் நிக்கிறேன். உங்களுக்கும் சேர்த்துப் பாத்துட்டேன்.”

அவள் இரண்டாவது தடவை போட்டுக் கேட்டாள். அவர் ஈரக் கைகளைத் துடைக்காமல், தண்ணீர் சொட்ட, சாம்பல் வாளிப் பக்கமே நின்று கேட்டார்.

“நம்ம பாட்டில் மாதிரியா?” என்றார்.

“அதைவிடக் கொஞ்சம் பெருசு” என்றாள் அவள்.

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஊறப்போட்டார். ஜன்னல் விளிம்பில் பாலைவனம் எழுந்த அன்றைய தூசி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது, வெயிலில் தங்க நிறமாக. அவள் அதைத் துடைக்கவில்லை. கடலை நினைத்துப் பார்க்க முயன்றாள். பழுப்புப் பட்டைகள், நடுவே திறந்து மூடுகிற நீலம். அவள் விரல் தன்னால் மூக்குத்தண்டை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. இங்கே திறக்க மூடி எதுவும் இல்லை என்று நினைவு வந்தது. நழுவாத கண்ணாடியை அவள் மெல்ல மேலே தள்ளிக்கொண்டாள்.